கள்ளிப் பேணிக்குள் போட்ட பூ

மகள் வீட்டுக்குப் போனால் நான் முதலில் யன்னலடிக்குத்தான் போவேன். சின்னச் சின்னச் சட்டிகளில் முள்ளுக்கள்ளி வளர்க்கிறாள். இப்போது எல்லா வீட்டிலும் அது ஒரு வடிவு. நான் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்ப்பேன். முள்ளின் அடியைப் பார்ப்பேன். மடிப்புக்குள் பார்ப்பேன். மண்ணோடு ஒட்டிய இடத்தை விரலால் அமத்திப் பார்ப்பேன்.

"என்னம்மா, பிள்ளையளுக்குப் பேன் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்?" என்பாள்.

"ஓம், பேன்தான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்துவிடுவேன்.

அந்தச் சட்டிகளில் ஒன்று மட்டும் அவளுடையது இல்லை. என்னுடையதும் இல்லை. அதை அவளுக்குச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு வந்து இருந்தால் எப்படி என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் வீடு புத்தூரில். ஐயாவுக்கு, என் தகப்பனுக்கு, வெங்காயமும் புகையிலையும்தான் தோட்டம். காங்கேசன்துறைப் பக்கத்துச் சனமெல்லாம் சண்டையால் வீடுகளை விட்டு எழும்பி வந்த வருஷம் அது. பள்ளிக்கூடம், கோயில் மடம், தெரிந்த வீடு, தெரியாத வீடு எல்லாம் நிரம்பிவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் வந்து வேலிப் படலையில் நின்று ஐயாவிடம் கேட்டார்.

"ஒரு மனிசி தனிய நிக்கிறா. ஒரு அறை குடுக்கேலுமோ?"

எங்களிடம் இருந்தது வெங்காய அறை. வித்து வெங்காயத்தைப் பிடி பிடியாய்க் கட்டிக் கூரை வளையில் தொங்கவிடுகிற அறை. காற்றோட்டமான அறை. ஒரு யன்னல். யன்னலுக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு பிள்ளையார் படம். வெங்காயம் பழுதாகாமல் இருக்க ஐயா கொழுவியது. கீழே கிடந்த சாக்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொடுத்தோம்.

வந்தவரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு கையில் உடுப்புப் பெட்டி. இடுப்பில் ஒரு தகரப் பால்மாப் பேணி. குழந்தையை இடுக்குகிற மாதிரி இடுக்கியிருந்தார். பேணிக்குள் ஒரு முள்ளுக்கள்ளி. முழங்கை அளவு உயரம். முருங்கைக்காய்போல வரி வரியாய் இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி.

அண்ணை அதை வாங்கி யன்னல் பலகையில் வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"எழும்பி வாற சனம் நகை கொண்டு வரும், காணி உறுதி கொண்டு வரும். உவ முள்ளுக் கொண்டந்திருக்கிறா."

அன்ரிக்குக் கேட்டுவிட்டது.

"நகையைக் களவெடுப்பாங்கள் தம்பி. இதை ஆர் தொடுவான்?" என்று சிரித்தார்.

கள்ளி அவருடைய மகளுடையது. என் வயதுப் பிள்ளை. மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் கிள்ளிக் கொடுத்ததை நட்டு வளர்த்தவள். அவளும் தகப்பனும் முதல் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். வள்ளத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்ததாம். பூச்சாடிக்கு எங்கே இடம்? ஏறும்போது பிள்ளை கேட்டது ஒன்றுதான். "அம்மா, நீங்கள் வரேக்கை அதைக் கொண்டு வாங்கோ. தண்ணி விடாதைங்கோ."

"அவள் வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அன்ரி. "என்னைக் கூட வாங்கோ எண்டு கேக்கேல்லை. கள்ளியைக் கொண்டு வாங்கோவாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்குக் குடிக்க அம்மா ஒரு பேணியை வேறாக வைத்தார். அறை வாசலில் ஆணியில் அது தொங்கியது. கிணற்றில் தண்ணீரை நானோ அண்ணையோ அள்ளி ஊற்றுவோம். "கடற்கரையாக்கள். அதோடை வேதம்" என்று அம்மா பக்கத்து வளவு மாமிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. அன்ரி அந்தப் பேணியைத் தானே கழுவித் தானே கொழுவினார். ஏன் வேறாக என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் யாருக்காவது மறுமொழி சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அம்மா கெட்டவர் இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். அன்ரி சாப்பிடாமல் அம்மா சாப்பிட்டதில்லை.

அம்மா விடிய முழுகிவிட்டு வேலியில் சிவப்புச் செவ்வரத்தம் பூப் பிடுங்கி வந்து பிள்ளையாருக்கு வைப்பார். முதல் நாள் பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைக்க வேண்டும். எடுத்த பூவைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது. சாமிக்கு வைத்தது. ஒருவரும் மிதிக்கக்கூடாது. முன்பு அதைக் கிணற்றடி வாழைக்குக் கொண்டுபோவார். இப்போது படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு செடி. அம்மா அந்தப் பூவைக் கள்ளிப் பேணிக்குள் போட்டார்.

"நல்லதாப் போச்சு. கால்படாத இடம்" என்றார்.

மனம் நிறைந்துதான் சொன்னார். வந்தவளின் செடிக்கும் ஒரு புண்ணியம் கிடைக்கட்டும் என்ற மாதிரி.

அம்மா வெளியே போனதும் அன்ரி என்னைக் கேட்டார்.

"பிள்ளை, இதை எடுக்கலாமோ?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"சாமிக்கு வைச்ச பூ. அது தன்பாட்டிலை காயும். அவ எடுத்து எங்கை எறியப்போறா? முத்தத்திலையோ?"

நான் திரும்பி வந்து, "வேண்டாமாம்" என்று மட்டும் சொன்னேன். அன்ரி தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. தன் சாமி இல்லாத சாமியின் பூவை, மற்றவர் வீட்டில் இருந்துகொண்டு, அவர் எப்படித் தொடுவார்? ஒவ்வொரு நாளும் ஒரு பூ விழுந்தது. பூவுக்கு மேல் பூ. அடியில் கிடந்தது வழுவழுத்துக் கறுத்தது. வெங்காய மணத்துக்குள் வேறு ஒரு மணம் வரத் தொடங்கியது.

மழை இருட்டத் தொடங்கிய நாட்களில் கள்ளியின் மடிப்புகளில் வெள்ளை தெரிந்தது. பஞ்சைக் கிள்ளி ஒட்டிவைத்த மாதிரி. முதலில் அடியில். பிறகு முள்ளுகளின் மூட்டில். தொட்டால் பிசுபிசுத்தது. அந்தப் பிசுக்கின் மேல் விளக்குக் கரிபோலக் கறுப்பாய் ஒன்று படர்ந்தது. எறும்புகள் வரிசையாய் ஏறி இறங்கின.

முதலில் இது என்ன நோய் என்று சொன்னவர் பக்கத்து வளவு மாமி. எந்த வீட்டு வருத்தத்தையும் வேலிக்கு மேலால் பார்த்து முடிவு சொல்லுகிறவர்.

"உது அம்மாள் வருத்தமெடி. கொப்பளம் போட்டிருக்கு. வேப்பிலை வை."

"செடிக்கும் அம்மாள் வருமோ மாமி?" என்று அண்ணை கேட்டார்.

"உனக்கு வரேக்கை உன்னைக் கேட்டிட்டோ வந்தது?"

மாமியே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டுப் போனார். கள்ளி கலியாணப் பெண் மாதிரி மஞ்சளாய் நின்றது. மஞ்சளுக்கு மேலால் வெள்ளை வந்தது.

பிறகு ஐயா குனிந்து பார்த்தார். மணந்தும் பார்த்தார்.

"பூஞ்சணம். வெங்காயத்துக்கு வாறதுதான்."

அடுப்புச் சாம்பல் தூவினார். எறும்புகள் சாம்பலைச் சுற்றி வேறு பாதை எடுத்தன. ஐயாவுக்கு ரோசம் வந்துவிட்டது. புகையிலைக் காம்பை அவித்து, வடித்து, ஆறவைத்து ஊற்றினார். அறை முழுக்கச் சுருட்டுக் கொட்டில் மணம். சில வெள்ளைகள் விழுந்தன. ஐயா அதைக் கண்டு உற்சாகப்பட்டுக் காலையும் மாலையும் ஊற்றினார். பேணி நிறைய நின்று ஊறியது.

"ஐயா, மகள் தண்ணி விடவேண்டாமெண்டு சொன்னவள்" என்றார் அன்ரி.

"தண்ணி விடாத பயிர் உலகத்திலை இருக்கோ பிள்ளை? நான் நடக்கத் தொடங்கின நாளிலையிருந்து தண்ணி கட்டுறவன்."

ஐயா நல்ல மனதோடுதான் ஊற்றினார். அதனால் அவரைத் தடுக்க முடியவில்லை.

ஒரு நாள் வெயில் எறித்தபோது அன்ரி பேணியை முற்றத்துக்குக் கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டார். ஈர்க்கு முனையால் ஒரு வெள்ளையைக் கிளப்பி உள்ளங்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் அது சும்மா கிடந்தது. பிறகு நடந்தது.

"பிள்ளை, பூஞ்சணம் நடக்குமோ?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். மாவில் புரட்டி எடுத்த மாதிரி ஒரு சின்ன உயிர். ஓரமெல்லாம் நூல் நூலாய். நகத்தால் நசுக்கினால் இளஞ்சிவப்பாய்த் தண்ணீர் வந்தது.

"பாவம் உங்கடை ஐயா. நடக்கிறதுக்குச் சாம்பல் போட்டிருக்கிறார்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் என்னோடு அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். எறும்புதான் அதுகளைக் காவித் திரிகிறது என்று அன்ரி கண்டுபிடித்தார். சீனிப் போத்தலுக்கு வைக்கிற மாதிரி, பேணியைத் தண்ணீர்த் தட்டில் ஏற்றி வைத்தார். பெட்டிக்குள் சேலையில் சுற்றி ஒரு துண்டுச் சவர்க்காரம் வைத்திருந்தார். வள்ளம் ஏறுகிற அன்றைக்குக் குளிக்க வைத்தது. அதைச் சீவிக் கரைத்தார். அம்மா நுரையைக் கண்டார்.

"எங்களுக்கு உடுப்புத் தோய்க்கப் பனங்களி. உவவின்ரை கள்ளிக்குச் சவர்க்காரம்."

சவர்க்காரம் முடிந்தது. மடிப்புக்குள் இருந்ததுகள் முடியவில்லை. மடத்துச் சிஸ்டர் ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்ததாக மகள் சொன்னது அன்ரிக்கு ஞாபகம் வந்தது. ஆசுப்பத்திரியிலேயே ஸ்பிரிட் இல்லாத காலம்.

"பனஞ்சாராயம் இருக்கு அன்ரி" என்றார் அண்ணை.

"ஐயோ தம்பி, சாமிப்படத்துக்குக் கீழையோ? அம்மாக்குத் தெரிஞ்சால்?"

"கள்ளிக்குத்தானே. கள்ளி போய் அம்மாவுக்குச் சொல்லுமோ?"

அண்ணை ஒரு மருந்துப் போத்தலில் வாங்கிவந்து யன்னல் பலகைக்குப் பின்னால் வைத்தார். அன்ரி ஈர்க்கில் பஞ்சு சுற்றி, சாராயத்தில் தொட்டு, ஒவ்வொரு முள்ளின் அடியிலும் வைத்தார். பட்ட உடனே வெள்ளை மண்ணிறமாகிச் சுருண்டது. நான் பேணியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். என் கையெல்லாம் முள்ளுக் குத்து. கறுப்புப் பிசுக்கை ஈரச் சீலையால் ஒற்றி எடுத்தார். சில நாட்களில் கள்ளி தன் பச்சையைக் காட்டியது. அன்ரிக்கு முகம் தெளிந்தது.

"பிள்ளை, அவள் பாத்தால் இதுக்கு வருத்தம் வந்ததெண்டே தெரியாது."

ஆனால் அடி. மண்ணோடு ஒட்டிய இடத்தில் மண்ணிறமாய் ஒரு வளையம் போட்டிருந்தது. அமத்தினால் பழுத்த வாழைப்பழம்போல உள்ளே போனது. பூவும் தண்ணீரும் ஊறிய இடம். அன்ரி அதை விரலால் தொட்டுவிட்டு விரலை மணந்து பார்த்தார். அடுத்த நாளும் அம்மா பூப் போட்டார்.

அந்தக் கிழமைதான் அம்மா வேலிச் செவ்வரத்தையில் வெள்ளையைக் கண்டது.

"உவவின்ரை கள்ளியாலை என்ரை செவ்வரத்தைக்கும் வந்திட்டுது" என்று வேலியடியில் நின்று சொன்னார்.

"முள்ளுச்செடியை வீட்டுக்குள்ளை விட்டனீ. இனி என்ன வரப்போகுதோ" என்றார் மாமி.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு, பூத்தட்டோடு அறைக்குள் போனார். போனவர் அப்படியே நின்றார்.

"என்ன மணம் உது?"

பலகைக்குப் பின்னால் கை விட்டார். போத்தல் வந்தது. பாதிக்கு மேல் இல்லை.

"பிள்ளையாருக்கு முன்னாலை சாராயமோ?"

"அக்கா, அது கள்ளிக்கு. பூச்சிக்கு."

"கள்ளிக்கோ? இவ்வளவும் கள்ளி குடிச்சதோ? வெறியிலை ஆடேல்லையோ இன்னும்?"

"ஓம் அம்மா, கள்ளிக்குத்தான்" என்றேன் நான். "நான்தான் பிடிச்சனான். பஞ்சிலை தொட்டுத் தொட்டு..."

"தொட்டுத் தொட்டு எப்பிடியடி பாதிப் போத்தல் போகும்?"

கன்னத்தில் விழுந்தது. அண்ணை தோட்டத்துக்குப் போயிருந்தார். சொல்ல வேறு ஆள் இல்லை.

"பிள்ளையையும் பொய் சொல்லப் பழக்கிப்போட்டாய்" என்றார் அம்மா. அதுவரை அன்ரியை 'நீர்' என்றுதான் சொன்னவர். "கடற்கரையாக்களெண்டு தெரிஞ்சும் விட்டன். எங்கடை மனிசன் ஒரு சொட்டு வாயிலை வைக்காத மனிசன். அந்த வீட்டுக்குள்ளை!"

அன்ரி போத்தலைப் பார்த்தார். பிறகு வாசலில் வந்து நின்ற ஐயாவைப் பார்த்தார். பார்த்த கையோடு தலையைக் குனிந்துகொண்டார். ஐயா தோளில் கிடந்த துவாயால் வாயைத் துடைத்தார்.

"சரி, விடு. விடியக் காலமை சத்தம் போடாதை" என்றார்.

"கோயில் பள்ளிக்கூடத்திலை உங்கடை ஆக்கள் இருக்கினம்தானே. அங்கை போகலாம்" என்றார் அம்மா.

அன்ரி அழவில்லை. பெட்டியை அடுக்கினார். பிறகு கள்ளியைப் பேணியிலிருந்து கவிழ்த்தார். அடி நூலாய் இழுபட்டது. குட்டி அதோடு அழுகிப் போயிருந்தது. போத்தலில் மிச்சம் இருந்ததில் சவரப் பிளேட்டைத் துடைத்துவிட்டுத் தண்டைக் குறுக்கே வெட்டினார். வெட்டின இடத்தில் மண்ணிறப் புள்ளி. இன்னும் மேலே வெட்டினார். இன்னும் புள்ளி. ஒவ்வொரு வெட்டுக்கும் பிள்ளையின் கள்ளி குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் துப்பரவான வெள்ளைச் சதை தெரிந்தபோது ஒரு சாண்கூட இல்லை. வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலை அப்பினார்.

வெளியே மழை பிடித்திருந்தது. அன்ரி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வளையைப் பார்த்தார். வித்து வெங்காயத்தைப் பார்த்தார். பிறகு ஐயாவிடம் போனார்.

"ஐயா, காயாமல் நட்டால் திரும்பவும் அழுகும். பள்ளிக்கூடம் ஒழுகுதெண்டு சொல்லுகினம். இது உங்கடை வெங்காயத்தோடை தொங்கட்டும். நான் வந்து எடுக்கிறன்."

போ என்று சொன்ன வீட்டிடம் கேட்டார். காய்ந்த இடம் வேறு அவருக்கு இருக்கவில்லை.

ஐயா வாங்கினார். பனை நாரால் கட்டி, இரண்டு வெங்காயப் பிடிகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். முடிச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஆயிரம் பிடி கட்டின கை. அப்போது நான் அதை இரக்கம் என்று நினைத்தேன்.

அன்ரி போன பிறகு பார்த்தேன். வாசல் ஆணியில் அவருடைய குடிக்கிற பேணி கழுவித் தொங்கியது.

அம்மா அறையைச் சாணத்தால் மெழுகினார். கள்ளியின் அழுகிய துண்டுகளைக் கொண்டுபோய் எரித்தார். செவ்வரத்தையில் வெள்ளை கண்ட கிளைகளை வெட்டி அதையும் எரித்தார். கழித்த பூவை இப்போது முற்றத்துத் துளசியடியில் போட்டார். கால்படாத இடம் அதுவும்தான்.

தைப்பொங்கலுக்கு முற்றம் கூட்டும்போது அம்மா துளசியடியில் நின்றுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். துளசியின் கணுக்களில் பஞ்சு. எறும்பு வரிசை.

அம்மா ஐயாவைக் கூப்பிட்டார். ஐயா ஈர்க்கால் ஒன்றைக் கிளப்பிக் கையில் வைத்தார். அது நடந்தது.

"வேதக்கார அன்ரி துளசிக்குக் கிட்ட வந்தவவோ அம்மா?" என்றார் அண்ணை.

அண்ணைதான் திரும்பவும் சொன்னார்.

"கள்ளி வரேக்கை துப்பரவாய் இருந்தது. நான்தானே வாங்கி வைச்சனான். ஒரு பொட்டு இல்லை."

அம்மா வேலிக்குப் போனார். பூக்காத ஒரு மொட்டைப் பிடுங்கினார். அடி இதழைப் பிரித்தார். உள்ளே, பூவின் கழுத்தில், வெள்ளையாய் இருந்தன. வெளியால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு நாளும் அதைத்தான் பிடுங்கிப் பிள்ளையாருக்கு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் அதைத்தான் அந்தப் பேணிக்குள் போட்டிருக்கிறார்.

அவர் கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். கையில் மொட்டு.

ஐயா பின்னால் போய் நின்றார்.

"அந்தச் சாராயம்" என்றார். "அதிலை நான்தான் இடைக்கிடை எடுத்தனான்."

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். என்னைப் பாத்தவ."

பொங்கல் பொங்கினோம். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று அந்த வருஷம் ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு ஓலைப் பெட்டியில் பொங்கலும் வாழைப்பழமும் வைத்திருந்தார். அங்கே ஒரு மனுசி சொன்னார்.

"அவ போயிட்டா. வள்ளம் கிடைச்சிட்டுதெண்டு அவசரமாப் போனவ. புத்தூரிலை ஒரு சாமான் கிடக்கு, எடுக்க நேரமில்லையெண்டு சொல்லிக்கொண்டிருந்தவ."

போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க வழி இல்லை. அந்தக் கடலை உங்களுக்குத் தெரியும். பெட்டியை அம்மா அந்த மனுசியிடமே கொடுத்தார். திரும்பி வரும் வழியில், அன்ரி தன் பிள்ளைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். வெறுங்கையோடு போய் நின்று, "அம்மா, கள்ளி எங்கை?" என்று அவள் கேட்கும்போது, எங்கள் வீட்டைப்பற்றி என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் குறையாய்ச் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை.

வளையிலிருந்து அம்மா அந்தத் துண்டை இறக்கினார். வெட்டு வாய் குளம்புபோல் காய்ந்திருந்தது. அதிலிருந்து மயிர்போல வேர் எட்டிப் பார்த்தது. அன்ரி விட்டுப்போன அதே பால்மாப் பேணியில், மணல் கலந்த மண்ணில், அம்மாவே நட்டார். தண்ணீர் விடவில்லை. யன்னல் பலகையில் வைத்தார். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகு குனிந்து அதன் அடியைப் பார்ப்பார். ஆரும் கேட்டால், "இது எங்கடையில்லை. ஒராளின்ரை. வந்து எடுப்பா" என்பார். ஆணியில் தொங்கிய பேணி குசினிக்குள் வந்து எங்கள் பேணிகளோடு சேர்ந்தது.

தொண்ணூற்றைந்தில் நாங்களும் எழும்பினோம். அதை நான் எழுதத் தேவையில்லை. அந்த மழையில் அந்தத் தெருவில் நீங்களும் நின்றீர்கள். ஐயா வித்து வெங்காயத்தில் கொஞ்சம் சைக்கிளில் கட்டினார். அம்மா எதையோ எடுக்கத் திரும்பி உள்ளே ஓடினார். தாலிக்கொடியாக்கும் என்று நினைத்தோம். இடுப்பில் பால்மாப் பேணியோடு வந்தார்.

தென்மராட்சியில் ஒரு வீட்டில் சாமான் அறை தந்தார்கள். வீட்டுக்கார அக்கா நல்ல மனுசி. பேணியைக் கண்டு கொஞ்சம் யோசித்தார்.

"முள்ளுச்செடி வீட்டுக்குள்ளை கூடாதெண்டுவினம். சரி, யன்னலடியிலை இருக்கட்டும்."

அந்த அறையிலும் ஒரு சாமிப்படம் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் அக்கா பூத்தட்டோடு வந்தார். முதல் நாள் பூவை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். அறை முழுக்க எங்கள் மூட்டைகள். கீழே இடமில்லை. பூவைக் கள்ளிப் பேணிக்குள் போட்டார். செவ்வரத்தம் பூ.

"கால்படாத இடமாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பேணியையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதை எடுக்கலாமோ?"

எனக்குப் பதினேழு வயது.

அம்மா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் பூவை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்த வளவில் அதைப் போட அவருக்குக் கால்படாத இடம் தெரியாது. கேட்கவும் முடியாது. அன்று முழுக்க முடிச்சோடுதான் திரிந்தார். பின்னேரம் பார்த்தபோது சிவப்பு ஊறி வெளியே தெரிந்தது.